எழுதாத வரியில் நிற்கும் வாதம்

ஒரு கடிதத்திலிருந்து தொடங்குகிறேன். நூலகப் பொறுப்பாளர் ஒருவருக்கு எழுதியதாக வைத்துக்கொள்வோம். நான்கே வரி:

"நூலகம் மாலை 6 மணிக்கே மூடப்படுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வருவதற்குள் கதவைச் சாத்திவிடுகிறார்கள். இது மிகவும் வருத்தத்துக்குரியது. ஆகவே இரவு 9 மணி வரை நூலகத்தைத் திறந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

படித்தால் குறை ஒன்றும் தெரியாது. காரணம் இருக்கிறது, கோரிக்கை இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஓர் 'ஆகவே'யும் இருக்கிறது. எழுதியவர் இதைப் பத்து நண்பர்களிடம் காட்டியிருந்தால் பத்துப் பேரும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட நூலகப் பொறுப்பாளர் இல்லை.

பொறுப்பாளர் இதை எப்படிப் படிப்பார்? முதல் இரண்டு வரி அவருக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தி. மூன்றாவது வரி எழுதியவருடைய மனநிலை. அதைப் பற்றி அவர் ஒன்றும் செய்ய முடியாது. 'ஆகவே' என்ற சொல்லுக்கு வரும்போது அவர் மனதில் ஓடுவதே வேறு. அந்த மூன்று மணி நேரமும் யார் உட்காருவது? உண்மையில் எத்தனை பேர் வருவார்கள்? முன்பு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தபோது நாற்காலிகள் காலியாகத்தானே கிடந்தன? கடிதம் இது எதையும் தொடவில்லை. மரியாதையாக ஒரு பதில் எழுதிக் கோப்பில் போட்டுவிடுவார்.

அந்த 'ஆகவே' எதைத் தாண்டிக் குதிக்கிறது என்று பாருங்கள். "வேலைக்குப் போகிறவர்களுக்கு எட்டாத நூலகம் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, அதைச் சரிசெய்ய நேரத்தை நீட்டுவதே வழி" என்று ஒரு வரி அங்கே இருந்தாக வேண்டும். எழுதியவர் அதை எழுதவில்லை. நண்பர்கள் தங்கள் மனதிலிருந்தே அதைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். பொறுப்பாளர் நிரப்பவில்லை. பல வருடங்களாக மற்றவர்களுடைய கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். காரணமே இல்லாத கட்டுரையை அதிகம் பார்த்ததில்லை. காரணம் இருந்தும், வாசகர் அந்த நடு வரியை நிரப்ப மறுத்ததால் விழுந்த கட்டுரைகளே அதிகம்.

இந்த எழுதாத வரியை சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் கவனித்திருக்கிறார். சபையில் பேசுகிறவர் தன் அனுமானத்தின் எல்லாப் படிகளையும் சொல்வதில்லை, கேட்பவருக்குத் தெரிந்த படியை விட்டுவிட்டுத் தாண்டிப் போவார் என்கிறார். டோரியஸ் என்ற வீரரை உதாரணம் காட்டுகிறார். இலைமுடியைப் பரிசாகத் தரும் ஒரு போட்டியில் டோரியஸ் வென்றார் என்று காட்ட வேண்டுமா? 'ஒலிம்பிக்கில் வென்றார்' என்றால் போதும். ஒலிம்பிக்கில் இலைமுடிதான் பரிசு என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். நேரம் மிச்சமாகிறது என்பது மட்டும் இதில் லாபமில்லை. விட்ட படியைக் கேட்பவரே போட்டுக்கொள்வதால், வந்து சேர்ந்த முடிவு பாதிக்குப் பாதி அவருடையதாகிவிடுகிறது. தானே போட்ட படியை எதிர்த்து யாரும் சண்டைக்கு வருவதில்லை.

தமிழில் இதை எதிர்த் திசையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். எதையும் விடாதே, எல்லாவற்றையும் வெளியே எடுத்து வை என்பது அளவையியலின், அதாவது தர்க்கவியலின், வழக்கம். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் நடத்துவது போலவே இதைச் சொல்கிறார். ஓர் அனுமானத்துக்கு உறுப்பு ஐந்து: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறதே என்று பொருத்திக் காட்டுவது உபநயம். ஆகவே நெருப்பு இருக்கிறது என்று முடிப்பது நிகமனம். கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும் என்றும் அந்தக் காதை சொல்கிறது. ஆக, பாரம் முழுவதும் நடுவில் உள்ள திட்டாந்தத்தின் மேல்தான்.

அடுக்களை என்ற அந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடிக்கும். புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கும் இடங்கள் எத்தனையோ இருக்க, ஆசிரியர் கைவைத்தது எந்த மனிதனும் தினமும் கண்ணால் பார்க்கும் இடத்தில். போய்ப் பார்க்காத மலையைப் பற்றி நம்ப வைக்க, பார்க்காமல் இருக்கவே முடியாத அடுக்களை. இன்றைக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் உதாரணம் என்று எடுத்து வைப்பதில் பாதி, நிறுவ வந்த விஷயத்தைவிட அந்நியமாக இருக்கிறது. வாசகர் முதலில் உதாரணத்தை நம்ப வேண்டும், அப்புறம்தான் விஷயத்துக்கு வர முடியும்.

1958-இல் ஸ்டீபன் டூல்மின் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி இதே இடைவெளிக்கு இன்னொரு வரைபடம் போட்டார். ஹாரி பெர்முடாவில் பிறந்தவர், ஆகவே பிரிட்டிஷ் குடிமகன் என்பது அவருடைய உதாரணம். இதை ஒருவர் மறுத்தால் இரண்டு விதமாகக் கேட்கலாம் என்றார். 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்டால் தகவலைக் காட்ட வேண்டும்: அவர் பிறந்த இடம் பெர்முடா. 'அங்கிருந்து இங்கே எப்படி வந்தீர்கள்?' என்று கேட்டால் இன்னும் தகவல் சேர்ப்பது பயன்படாது. பாலத்தைக் காட்ட வேண்டும்: பெர்முடாவில் பிறந்தவர்கள் பொதுவாக பிரிட்டிஷ் குடிமக்கள். அந்தப் பாலத்தைத் தாங்கும் தூண், அதைப் பற்றிய சட்டம். பாலம் உடையும் இடங்களும் உண்டு: பெற்றோர் இருவரும் வெளிநாட்டவராக இருந்தால்? ஹாரியே பிறகு அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருந்தால்? அதனால்தான் முடிவில் 'அநேகமாக' என்று ஒரு சொல் சேர்கிறது.

இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்வதுதான் எழுதுகிறவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம். வாசகர் பாலத்தைக் கேட்கிறார், நாம் மேலும் மேலும் தகவலைக் கொட்டுகிறோம். ஒரு புள்ளிவிவரம் எடுபடவில்லையா, இன்னும் மூன்று போடு. நூலகக் கடிதத்தில் "எங்கள் பகுதியில் வேலைக்குப் போகிறவர்கள் இத்தனை ஆயிரம் பேர்" என்று ஒரு வரி சேர்த்தாலும் பொறுப்பாளர் அசையமாட்டார். அவர் சந்தேகிப்பது அந்த எண்ணிக்கையை அல்ல.

பாலமே ஓட்டையாக இருப்பதும் உண்டு. அளவை நூல்கள் இதை ஏதுப்போலி என்கின்றன, அதாவது காரணம் போலத் தோன்றும், காரணம் அல்ல. மணிமேகலை சொல்லும் மூன்று வகையில் ஒன்றுக்கு அநைகாந்திகம் என்று பெயர். பெயர் வாயில் நுழையாது, விஷயம் எளிமையானது: நாம் காட்டும் காரணம் நம் முடிவுக்கும் பொருந்துகிறது, அதற்கு நேர் எதிரான முடிவுக்கும் பொருந்துகிறது. "இந்தச் சிகிச்சையை நூற்றாண்டுகளாகச் செய்துவருகிறார்கள், ஆகவே பலன் இருக்கிறது." ஐரோப்பாவில் நோயாளியின் ரத்தத்தை வெளியேற்றும் வைத்தியத்தையும் சுமார் 2,000 ஆண்டுகள் செய்தார்கள். நீண்ட காலப் பழக்கம் என்ற காரணம் பலனுள்ளதோடும் சேரும், பலனில்லாததோடும் சேரும். "அவருக்கு 40 ஆண்டு அனுபவம், அவர் சொல்வதைக் கேட்கலாம்" என்பதும் அப்படியே. எதிராளி அதே 40 ஆண்டை எடுத்து "பழைய தடத்தில் ஊறிப்போனவர்" என்று முடித்துவிடுவார். உங்கள் காரணத்தை எடுத்து எதிர்த்தரப்பின் முடிவுக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அதை வெட்டிவிடலாம்.

தமிழில் இன்னொரு கூத்து. பாலத்தைக் கண்ணில் படாமல் கடத்திக் கொண்டுபோக நம் இடைச்சொற்கள் தரும் வசதி கொஞ்சநஞ்சமல்ல. "மருத்துவர்கள்கூட இதை ஒப்புக்கொள்கிறார்கள்" என்கிறோம். மருத்துவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்பது தகவல். 'கூட' என்பது அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்கிறது: இதை ஒப்புக்கொள்ள மருத்துவர்களுக்கு மனம் வராது, அப்படிப்பட்டவர்களே இறங்கி வந்துவிட்டார்கள். அதற்கு ஆதாரம் எங்கே? எங்கும் இல்லை, இரண்டெழுத்துக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. "இதையாவது செய்து கொடுங்கள்" என்பதில் உள்ள 'ஆவது', கேட்பது சின்ன விஷயம் என்றும் பெரியவை ஏற்கெனவே மறுக்கப்பட்டன என்றும் ஒரே மூச்சில் தீர்ப்பு சொல்கிறது. 'தானே', 'அல்லவா' இரண்டும் வாசகரின் ஒப்புதலை அவரைக் கேட்காமலே வாங்கிக்கொள்கின்றன.

எல்லாவற்றிலும் பொல்லாதது 'தான்'. "கட்டணம் உயர்ந்ததால் மாணவர் சேர்க்கை குறைந்தது" என்றால் பல காரணங்களில் இது ஒன்று என்று வாசகர் எடுத்துக்கொள்ளலாம். "கட்டணம் உயர்ந்ததால்தான் குறைந்தது" என்றால் மற்ற எல்லாக் காரணங்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியாகிவிட்டது. எழுதியவர் அழுத்தம் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் சாதாரணக் கூற்று ஒன்றை நிறுவவே முடியாத பெரிய கூற்றாக மாற்றிவிட்டார். ஒருமுறை மூன்று பக்கக் கட்டுரை ஒன்றில் 17 'தான்' எண்ணினேன். பாதிக்கு மேல் அடித்தபின் கட்டுரையின் பலம் குறையவில்லை. எழுதியவர் மேசையைத் தட்டிக்கொண்டே பேசுவது போன்ற சத்தம் மட்டும் நின்றது. (இந்தக் கட்டுரையிலும் சில 'தான்' இருக்கின்றன. அவற்றுக்கு நான் பொறுப்பு.)

சரி, 'ஏனென்றால்' என்ற சொல்லுக்கு எவ்வளவு பலம்? இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 1978-இல் எலன் லேங்கரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. நகல் எடுக்கும் இயந்திரத்தை ஒருவர் உபயோகிக்கப் போகும் நேரத்தில் இன்னொருவர் வந்து, எனக்கு 5 பக்கம் இருக்கிறது, முதலில் நான் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 சதவீதம் பேர் விட்டுக்கொடுத்தார்கள். 'அவசரமாகப் போக வேண்டும், அதனால்' என்றபோது 94 சதவீதம். 'நகல் எடுக்க வேண்டியிருக்கிறது, அதனால்' என்ற உப்புச்சப்பில்லாத காரணத்துக்கும் 93 சதவீதம்!

பலர் இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டு, காரணம் என்று எதையாவது சொன்னால் போதும் என்று பாடம் நடத்துவார்கள். ஆய்வில் மறுபாதி இருக்கிறது. 5 பக்கத்துக்குப் பதில் 20 பக்கம் என்று கேட்டபோது காரணமில்லாத கோரிக்கைக்கு 24 சதவீதம், வெற்றுக் காரணத்துக்கும் அதே 24, உண்மையான காரணத்துக்கு 42. விட்டுக்கொடுப்பதால் இழப்பது சொற்பம் என்றால் மனிதர் காரணத்தின் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. இழப்பு கூடினால் பார்க்கத் தொடங்குகிறார். எனவே ஒரு வாதத்தை எழுதும்போது, என் காரணம் பலமானதா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: நான் சொல்வதை ஏற்றுக்கொண்டால் இவர் எதை இழக்கிறார்?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் இருக்கும் மிகக் கசப்பான உதாரணம் இக்னாஸ் செம்மல்வெய்ஸ். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் பணியாற்றியவர். அங்கே மருத்துவர்களும் மாணவர்களும் பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வருவார்கள். ஏப்ரலில் அந்தப் பிரிவில் தாய்மார்களின் இறப்பு 18 சதவீதத்தைத் தொட்டது. மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். ஜூனில் இறப்பு ஏறக்குறைய 2 சதவீதம். மருத்துவச்சிகள் மட்டும் பணியாற்றிய இரண்டாம் பிரிவில் பிரேதப் பரிசோதனை கிடையாது. அங்கே இறப்பு பல ஆண்டுகளாகவே குறைவு. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்றே செய்தாலும் அமைத்திருக்க முடியாது.

ஆனாலும் மருத்துவ உலகில் பெரும்பகுதி அவரை ஏற்கவில்லை. தகவலில் ஓட்டை இல்லை, இடறியது பாலம். பிணத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கையில் ஒட்டி வந்து நோயாகிறது என்பதை அன்றைய மருத்துவத்தின் எந்தக் கருத்தோடும் பொருத்திக் காட்ட வழியில்லை, கிருமிக் கொள்கை இன்னும் வந்து சேரவில்லை. அதைவிடப் பாரமானது ஏற்பதற்கான விலை. இதை ஒப்புக்கொள்ளும் மருத்துவர், என் கையால்தான் அந்தப் பெண்கள் இறந்தார்கள் என்றும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

செம்மல்வெய்ஸ் முழுமையாக எழுதியது 14 ஆண்டுகள் கழித்து, 1861-இல், 500 பக்கங்களைத் தாண்டிய புத்தகமாக. அதற்குள்ளே ஓர் இடத்தில், என்னால் அகாலமாகக் கல்லறைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்பது கடவுளுக்கே தெரியும் என்ற பொருளில் தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறார். நான் பார்த்தவரையில் அவர் எழுதியவற்றிலேயே வலுவான வரி அது. நானும் செய்தேன், அறியாமல் செய்தேன், இப்போது தெரிந்துவிட்டது என்று வாசகருக்கு ஒரு கதவைத் திறந்து விடுகிற வரி. பிறகு வந்த பகிரங்கக் கடிதங்களில் அவரே அந்தக் கதவை இழுத்துச் சாத்தினார். தன்னை மறுத்த பேராசிரியர்களைப் பெயர் சொல்லிக் கொலைகாரர்கள் என்று எழுதினார். மென்மையாக எழுதியிருந்தால் எல்லோரும் மறுநாளே கைகழுவியிருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் கொலைகாரன் என்று அழைக்கப்பட்டவர் அதற்குப் பிறகு புள்ளிவிவரத்தைப் படித்துக்கொண்டிருக்கமாட்டார்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், அதைவிடப் பெரிய விலையைக் கேட்கும் வாதம் ஒன்றை எழுதியவர் சார்லஸ் டார்வின். உயிரினங்கள் இயற்கையின் தேர்வால் மெல்ல மாறி உருவாயின என்று சொல்லும் 'உயிரினங்களின் தோற்றம்', 1859-இல் வந்தது. அந்தப் புத்தகத்தை அவரே 'ஒரே நீண்ட வாதம்' என்று குறிப்பிடுகிறார். அது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். தொலைதூரத் தீவுகளில் இல்லை, புதைபடிவங்களில் இல்லை. முதல் அத்தியாயம் வீட்டு விலங்குகளையும் பயிர்களையும் பற்றியது, அதில் நீளமாக வருபவை வளர்ப்புப் புறாக்கள். டார்வின் தானே புறா வளர்த்தார், லண்டனில் புறா வளர்ப்போர் சங்கங்களில் சேர்ந்து பழகினார். வால் விசிறிபோல விரிந்தது, தொண்டையை ஊதிக்கொள்வது, காற்றில் குட்டிக்கரணம் போடுவது என்று இத்தனை வகைகளை மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்தே உண்டாக்கினான் என்பதில் அன்றைய ஆங்கில வாசகருக்குப் பெரிய சண்டை இல்லை. அதுதான் அவருடைய அடுக்களை. மனிதன் சில தலைமுறைகளில் செய்வதை இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் செய்யாதா என்று அங்கிருந்து அடியெடுத்து வைக்கிறார்.

பிறகு 6ஆம் அத்தியாயம். தலைப்பே 'சிக்கல்கள்' என்ற பொருளில். நடுவழி உயிரினங்கள் எங்கே, கண் போன்ற நுட்பமான உறுப்பு எப்படித் தானாக உருவாகும் என்று எதிரி கேட்கக்கூடியதை எல்லாம் எதிரியைவிடக் கூர்மையாகத் தானே எழுதுகிறார். கண் இப்படி உருவானது என்பது அபத்தத்தின் உச்சமாகத் தோன்றுகிறது என்று ஒப்புக்கொண்டு, ஒளியை மட்டும் உணரும் எளிய உறுப்பிலிருந்து படிப்படியாக ஏறிக் காட்டுகிறார். இன்றும் அந்த முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, பாருங்கள், டார்வினே ஒப்புக்கொண்டார் என்று காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்வாதத்தை நேர்மையாக எழுதுகிறவர் கொடுக்கவேண்டிய விலை அது என்று வைத்துக்கொள்ளலாம். மிக விலையுயர்ந்த விஷயமான மனிதனின் தோற்றத்தை அந்தப் புத்தகத்தில் அவர் ஏறக்குறையத் தொடவே இல்லை. அதன்மேல் வெளிச்சம் விழும் என்ற அளவில் ஒற்றை வரி, அதுவும் கடைசிப் பக்கங்களில்.

எதிர்த்தரப்பைச் சொல்வது நல்லதா, அது வாசகருக்கு இல்லாத சந்தேகத்தைக் கிளப்பிவிடுமா என்று பலர் கேட்பார்கள். இரண்டாம் உலகப் போரின்போது கார்ல் ஹோவ்லண்டும் குழுவினரும் அமெரிக்கப் படைவீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஜெர்மனி விழுந்த பிறகும் ஜப்பானுடனான போர் நீண்ட காலம் நடக்கும் என்பது வாதம். ஒரு குழுவுக்கு ஒரு தரப்பை மட்டும் சொல்லும் வானொலி உரை, இன்னொரு குழுவுக்கு மறுதரப்பின் காரணங்களையும் சேர்த்த உரை. 1949-இல் வெளிவந்த முடிவு: ஏற்கெனவே அதே கருத்தில் இருந்தவர்களிடம் ஒருதரப்பு உரை நன்றாக எடுபட்டது. எதிர்க்கருத்தில் இருந்தவர்களிடமும் அதிகம் படித்தவர்களிடமும் இருதரப்பு உரை எடுபட்டது. பின்னாளில் வந்த ஆய்வுகள் இதோடு ஒன்றைச் சேர்த்தன. மறுதரப்பைச் சொல்லிவிட்டு அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அப்படியே விட்டால், சொல்லாமல் இருந்ததைவிட லேசாக நஷ்டமே.

'நியாயம்' என்ற இந்தியத் தர்க்க மரபின் பழைய நூல்கள் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. உண்மையைக் கண்டுபிடிக்கப் பேசுவது வாதம். எப்படியாவது ஜெயிக்கப் பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடு வைக்காமல் எதிராளி சொல்வதை உடைப்பதற்காகவே பேசுவது விதண்டை. மூன்றாவது மட்டும் 'விதண்டாவாதம்' என்று நம் அன்றாடப் பேச்சில் தங்கிவிட்டது, ஏனோ! எதிர்த்தரப்பை அதன் சொந்தக்காரர் 'ஆமாம், இதைத்தான் நான் சொல்கிறேன்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதினால் அது முதல் வகை. அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டி, வைக்கோல் பொம்மை செய்து எரித்தால் மற்ற இரண்டில் ஒன்று. வாசகருக்கு வித்தியாசம் இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

எழுத்தில் எழுதியவரின் முகமும் குரலும் இல்லை. அவரை நம்பலாமா என்பதை வாசகர் வாக்கியங்களிலிருந்தே கண்டுபிடிக்க வேண்டும். 'சந்தேகத்துக்கு இடமின்றி', 'அனைவரும் அறிந்ததே' போன்ற சொற்கள் நம்பிக்கை தருவதாக எழுதுகிறவர் நினைக்கிறார். எனக்கு அவை ஆதாரம் தீர்ந்துபோன இடத்தில் வைத்த பலகைபோலத் தெரியும். 'என்று கருதப்படுகிறது' என்பதும் அந்தக் கூட்டம்தான். கருதுகிறவர் யார் என்று கேட்டால் யாரும் இருக்கமாட்டார்கள். நம்பிக்கையை வேறு விதமாகச் சம்பாதித்தவர் பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலா. 1898 ஜனவரி 13 அன்று, டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி பொய்யாகத் தண்டிக்கப்பட்டார் என்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் நாளிதழில் வெளியானது. கடைசிப் பகுதியில் ஒவ்வொரு அதிகாரியாகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டிவிட்டு, பத்திரிகைச் சட்டத்தின் 30, 31ஆம் பிரிவுகளின் கீழ் என்மேல் அவதூறு வழக்குப் போடலாம், தெரிந்தே இதைச் செய்கிறேன் என்று எழுதினார். வழக்குப் போட்டார்கள், அடுத்த மாதமே ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். 'நான் உண்மை சொல்கிறேன்' என்று நூறு தடவை எழுதினாலும், சட்டப் பிரிவின் எண்ணைத் தானே எடுத்துக் கொடுத்த அந்த ஒரு வரிக்கு ஈடாகாது.

உணர்ச்சியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஒரு கணக்கைத் தவிர. 2007-இல் டெபோரா ஸ்மாலும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கையில் 5 டாலர் இருந்தவர்களிடம் நன்கொடை கேட்டார்கள். ஆப்பிரிக்காவின் பஞ்சத்தைப் புள்ளிவிவரமாகச் சொன்னபோது சராசரியாக 1.14 டாலர் கிடைத்தது. மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் சொன்னபோது 2.38. சிறுமியையும் சொல்லிப் புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது 1.43 ஆக இறங்கிவிட்டது. இரண்டையும் போட்டால் இரட்டைப் பலம் என்பது எழுதுகிறவர்களின் வழக்கமான கணக்கு. அது தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும், எனக்கு இதில் வேறு உறுத்தல் உண்டு. அந்த ஒரு சிறுமி மற்ற லட்சக்கணக்கானவர்களுக்கு நியாயமான திட்டாந்தம்தானா, இல்லை, வாசகர் பாலத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணைக் கட்டும் துணியா? இரண்டும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

இனி நூலகக் கடிதத்துக்கு வருவோம். எழுதியவர் கொஞ்சம் பொறுத்திருந்து, கதவருகே நின்று கணக்கெடுத்துவிட்டு எழுதியிருந்தால் அது இப்படி இருந்திருக்கலாம்:

"கடந்த நான்கு வாரங்களில் மாலை 6 முதல் 7 மணி வரை வந்து, மூடிய கதவைப் பார்த்துத் திரும்பியவர்களை எண்ணினோம். வேலை நாட்களில் சராசரியாக 23 பேர். முன்பு ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்ததற்கு வரவேற்பு இல்லை என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை வராதவர்களும் வேலை முடிந்து திரும்பும் வழியில் வருகிறார்கள் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. தினமும் நீட்டிக்கச் சொல்லவில்லை. செவ்வாயும் வியாழனும் மட்டும் இரவு 8 மணி வரை, மூன்று மாதங்களுக்குத் திறந்து பார்க்கலாம். பணியாளர்களின் நேரம் கூடாமல் இருக்க அந்த இரண்டு நாட்களிலும் காலையில் இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறக்கலாம். மூன்று மாத முடிவில் மாலை வருகை 15 பேருக்குக் கீழே இருந்தால், பழைய நேரத்துக்கே திரும்பச் சொல்லி நாங்களே எழுதித் தருகிறோம்."

நீளம் மூன்று மடங்குக்கும் மேல். வருத்தம் காணாமல் போய்விட்டது, 'ஆகவே'யும் போய்விட்டது. பொறுப்பாளரின் மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. கடைசி வரி சோலாவின் வரிக்குத் தூரத்துச் சொந்தம். 'முடியாது' என்று எழுதுவது இப்போது அவருக்கு முன்புபோல் சுலபமில்லை.

இருந்தாலும் பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் கேள்விக்குறி போடுவேன். காலையில் தாமதமாகத் திறக்கலாம் என்ற வரியின் ஓரத்தில். காலை முதல் இரண்டு மணி நேரத்தில் வருகிறவர்கள் வெயில் ஏறுமுன் வந்து பத்திரிகை படிக்கும் முதியவர்களாக இருக்கலாம், வேலை தேடிக்கொண்டிருப்பவர்களாக இருக்கலாம். மாலையில் கதவருகே நின்று எண்ணியவர் காலையில் போய் எண்ணவில்லை. 'அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்வார்கள்' என்று ஒரு வரியை அவர் எழுதாமலே தாண்டியிருக்கிறார்.